எழுத்துச் சரமும் எடைக் கட்டங்களும்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கிராணியின் நிறுவைப் பதிவேடு புதிதல்ல. ஒரு பக்கம் பெயர். அதற்கு நேரே நாள்தோறும் பறித்த கொழுந்தின் எடை. கணினிக்கு நிரல் எழுதப் பழகும் பிள்ளைகள் முதலில் சந்திக்கும் இரண்டு பொருள்களும் அந்தப் பதிவேட்டிலேயே இருக்கின்றன. பெயர் என்பது எழுத்துகளைக் கோத்த சரம். ஆறு நாள் எடை என்பது அடுக்கி வைத்த ஆறு கட்டங்கள். இதை அணி என்கிறோம்.

பைத்தான், சி, ஜாவா முதலிய கணினி மொழிகளில் அணியின் முதல் கட்டத்துக்கு எண் 1 அல்ல, 0. தொடக்கத்திலிருந்து எத்தனை கட்டம் தள்ளி என்பதையே அந்த எண் குறிக்கிறது. லயத்தின் முதல் வீட்டுக்குப் போக எத்தனை வீட்டைத் தாண்ட வேண்டும்? ஒன்றுமில்லை. ஆகவே திங்கட்கிழமை 0 என்றால் சனிக்கிழமை 5. 6 என்ற எண்ணைக் கேட்டால் பைத்தான் பிழையென்று நின்றுவிடும். சி மொழியோ பக்கத்தில் கிடக்கும் எதையாவது எடுத்துக் கொடுத்தாலும் கொடுக்கும். நின்றுவிடுவதே மேல்!

இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். விசைப்பலகையில் நாம் தட்டும் 12, 15 ஆகியவற்றைப் பைத்தான் முதலில் எழுத்துச் சரமாகவே வாங்கிக்கொள்கிறது. அப்படியே கூட்டச் சொன்னால் 27 வராது. இரண்டையும் ஒட்டி 1215 என்று காட்டும். எண்ணாக மாற்றிய பிறகே கூட்ட வேண்டும். கூலிக் கணக்கில் இந்தப் பிழை நுழைந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

தமிழ்ச் சரத்தில் ஒரு தனிச் சங்கதி உண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். பின்னர் 1991இல் வெளிவந்த யூனிகோடு முறையில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. அதில் உயிர்க்குறிகளுக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண் உண்டு. 'தேயிலை' நமக்கு மூன்று எழுத்து. பைத்தான் எண்ணினால் ஆறு: த, ஏகாரக் குறி, ய, இகரக் குறி, ல, ஐகாரக் குறி. இந்தச் சரத்தை அப்படியே பின்னிருந்து திருப்பினால் ஐகாரக் குறி முன்னே வந்து, பற்றிக்கொள்ள எழுத்தில்லாமல் நிற்கும். மற்றக் குறிகள் தவறான எழுத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு அணியே துணை. சரத்தை இடமிருந்து படித்துக்கொண்டே போகலாம். வருவது குறியோ புள்ளியோ என்றால் முந்தைய கட்டத்தோடு சேர்க்கலாம். இல்லையென்றால் புதுக் கட்டம் திறக்கலாம். தே, யி, லை என்று மூன்று கட்டங்கள் கிடைக்கும். இனித் திருப்பினால் 'லையிதே' என்று ஒழுங்காக வரும். ('ஸ்ரீ' போன்றவற்றுக்கு இந்த விதி போதாது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.)

பிள்ளைகள் இன்று ஒரு தாளில் 'கம்போங் ராஜா' என்று எழுதிக் கட்டம் பிரித்துப் பார்க்கட்டும். நடுவிலுள்ள இடைவெளிக்கும் ஒரு கட்டம் வேண்டும். நம் கணக்கில் 7 கட்டம் வரும். பைத்தான் 12 என்று சொல்லும்.