பஞ்சின் சாட்சியம்

ஒரு சட்டை எந்நாட்டில் தைக்கப்பட்டதென்பதை அதன் கழுத்துப் பட்டியிலுள்ள சீட்டுச் சொல்லிவிடும். பஞ்சு விளைந்த மண் எதுவென்று அச்சீட்டைக் கேட்டுப் பயனில்லை. மேற்குச் சீனத்திலுள்ள சின்ஜியாங்கின் பஞ்சு ஓரிடத்தில் நூலாகி, மற்றோரிடத்தில் துணியாகி, வேறொரு நாட்டில் சட்டையாகிக் கப்பலேறும்போது, அதன் பிறப்பிடம் பத்திரங்களிலிருந்து மறைந்துபோகிறது.

பத்திரம் மறைத்ததை ரசாயன சாஸ்திரிகள் பஞ்சினிடமே விசாரிக்கின்றனர். தண்ணீரிலுள்ள பிராணவாயுவின் அணுக்களில் பெரும்பாலானவை 16 நிறையுள்ளவை. மிகச் சிலவே 18. கடலில் எழுந்த மேகம் உள்நாடு செல்லச் செல்ல, பாரமானவை முந்திப் பெய்துவிடும். எஞ்சும் நீரில் லேசானவை மிகும். ஆகவே கடற்கரை மழையும், தியான்ஷான் மலைப் பனி உருகிச் சின்ஜியாங் வயல்களுக்குப் பாயும் நீரும் ஒன்றல்ல. வறண்ட காற்றும் வெயிலும் இக்கணக்கை மேலும் மாற்றும். செடி குடித்த நீரின் இந்த வேற்றுமை பஞ்சிழையில் பதிந்து நிற்கிறது. பாறைக்குப் பாறை வேறுபடும் ஸ்ட்ரான்ஷியம் மண்வழியே ஏறி இரண்டாவது சாட்சியாகிறது. வேற்றுமை ஆயிரத்தில் சில பங்கே. ஆயினும் அணுநிறை அளக்கும் கருவிகள் அதைப் பிடித்துவிடும்.

சீனப் பருத்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சின்ஜியாங்கில் விளைவது. அங்கே உய்குர் மக்கள் கட்டாய வேலைக்கு உள்ளாக்கப்படுகின்றனர் என்பது குற்றச்சாட்டு. சீன சர்க்கார் மறுக்கிறது. 2021-ல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. 2022 ஜூனில் அது அமலுக்கு வந்தது. சின்ஜியாங் சரக்கு என்றாலே கட்டாய உழைப்பில் விளைந்ததென்று அனுமானம். அன்றென்று ருசுப்படுத்தும் பாரம் இறக்குமதி செய்பவன்மேல். ருசுவின் பாரம் யார் தலையில் என்பதிலேயே பாதி வழக்கு முடிந்துவிடும் என்பதை வக்கீல்கள் அறிவர். ஆனால் சரக்கு சின்ஜியாங்கினது என்று முதலில் தெரிந்தாலன்றோ அனுமானம் எழும்! அங்கேதான் பரிசோதனைச்சாலை வேண்டியிருக்கிறது.

பழைய ரேகைப் பதிவு இல்லாத நிபுணனுக்குப் புதிய கைரேகை என்ன சொல்லும்? ஒவ்வொரு வட்டாரத்துப் பஞ்சுக்கும் நம்பத்தக்க மாதிரி வேண்டும். காவல் மிகுந்த சின்ஜியாங்கில் அந்நியர் வயலிலிறங்கி மாதிரி எடுப்பது எளிதன்று. பல நாட்டுப் பஞ்சைக் கலந்து நூற்ற நூலிலோ அடையாளமே மங்கிவிடும். இவையொருபுறமிருக்க, மாதிரிக் களஞ்சியங்களில் சில தனிக் கம்பெனிகளின் சொத்து. சரக்கை இழக்கப்போகிறவன் அவற்றைப் பாராமல் எப்படிக் குறுக்கு விசாரணை செய்வான்? கட்டாய உழைப்பில் விளைந்த பஞ்சைத் தடுப்பது நியாயமே. அதற்காக, விலைக்கு நூல் வாங்கி நெய்யும் ஏழை நாட்டு ஆலையின் சரக்கை, மறுதரப்புக்குக் காட்டாத ஓர் அறிக்கையை நம்பித் தள்ளுவது நியாயமாகாது. மாதிரிகள் பொது ஆராய்ச்சிச்சாலைகளில் இருக்கவேண்டும். அவற்றைப் பரிசீலிக்க இருதரப்பாருக்கும் உரிமை வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.