பந்தினுள்ளே விசை உளதோ?

பௌதிகம் கற்பிக்கும் உரிமை எமக்கில்லை, யாம் தமிழாசிரியர். எனினும், ஒரு சொல்லின் பொருளிலே இடறிப் பௌதிகத்தின் வாயிலில் யாம் வீழ்ந்த கதை மாணாக்கர்க்குப் பயன்படுமெனக் கருதி இதனை எழுதலானோம்.

விஞ்ஞான ஆசிரியர் வராத ஒரு நாளிலே பத்தாந் தர வகுப்பைப் பார்க்கும் கடமை எமக்கு வாய்த்தது. நிமிர்ந்து எறியப்பட்ட பந்தொன்று, கையை விட்டு நீங்கி மேலே செல்லும்போது, அதனைத் தாக்கும் விசைகளை அம்புக்குறிகளாற் காட்டுக என்பது பயிற்சி வினா. பலரும் மேல்நோக்கிப் பெரிய அம்பொன்றும் கீழ்நோக்கிச் சிறிய அம்பொன்றும் வரைந்தனர். ஒருவன் மாத்திரம் கீழ்நோக்கிய அம்பையே வரைந்திருந்தான். "மேலே தள்ளுவது எதுவுமில்லையாயின் பந்து எங்ஙனம் மேலே போகும்?" என்று யாம் வினவ, வகுப்பு நகைத்தது, அவன் தலைகுனிந்தான். யாமே பெரிய அம்பைக் கரும்பலகையிலும் வரைந்துவிட்டோம். மறுநாள் விஞ்ஞான ஆசிரியரிடம் உசாவியபோது தெரிந்தது, சரியான விடை அவனுடையதே என்பது.

பிழையின் வேர் சொல்லிலே கிடந்தது. 'விசையாக ஓடினான்' என்பது நம் வழக்கு. விசை என்பதற்கு விரைவு என்றும் பொருளுண்டு. ஆதலின், விரையும் பொருளினுள்ளே விசை குடியிருக்கின்றதென எண்ணிவிடுகின்றோம். பௌதிகத்திலோ விசையென்பது ஒரு பொருளை மற்றொன்று தள்ளுதல் அல்லது இழுத்தல்; உள்ளே சேமித்து வைக்கப்படுவதன்று. பந்து நீங்கிய கணமே கையின் விசை ஒழிந்தது. பந்து உடன்கொண்டு சென்றது உந்தம். திணிவை வேகத்தாற் பெருக்க வருவது அது. அவ்வுந்தத்தை மாற்றுவதே விசை. நியூற்றன் 1687 இல் வெளியிட்ட 'பிறின்சிப்பியா'விலுள்ள இரண்டாம் விதி இதுவே. (தமிழகத்து நூல்களைப் படிக்கும் மாணாக்கர் இங்கே விழிப்பாயிருத்தல் வேண்டும்: நாம் திணிவென்பதை அவர்கள் நிறையென்பர், நாம் நிறையென்பது அவர்களுக்கு எடை.)

கணக்கிட்டுப் பார்ப்போம். 160 கிராம் திணிவுள்ள கிரிக்கெற் பந்தொன்று செக்கனுக்கு 19.6 மீற்றர் வேகத்தோடு நிமிர்ந்து எழுகின்றது. வளியின் தடையை விடுத்தால், அதனைத் தாக்குவது புவியீர்ப்பு ஒன்றே. அளவு ஏறக்குறைய 1.57 நியூற்றன். அது செக்கன்தோறும் வேகத்தில் 9.8 ஐக் கழிக்கின்றது. முதற் செக்கன் முடிவில் வேகம் 9.8, இரண்டாவதன் முடிவிற் பூச்சியம். 19.6 மீற்றர் உயரத்திலே பந்து ஒரு கணம் ஓய்கின்றது. அக்கணத்தில் விசையும் பூச்சியமென எழுதுவாருமுளர். அங்ஙனமாயின் பந்து திரிசங்குவைப் போல அந்தரத்திலேயே நின்றுவிட வேண்டுமன்றோ? பூச்சியமானது வேகம் மாத்திரமே. விசை முன்போலவே 1.57 நியூற்றன்.

எம் பிழைக்குப் பெரியோர் துணையுமுண்டு. எறியப்பட்ட பொருளை வளியே தொடர்ந்து தள்ளுகின்றதென்றார் அரிஸ்டோட்டில். அதனை மறுத்த பிலோபோனசு, எறிபவன் பொருளினுள்ளே ஓர் ஆற்றலைப் பதிக்கின்றான் என்று 6 ஆம் நூற்றாண்டிற் கூறினார். 14 ஆம் நூற்றாண்டிலே பாரிசு நகரத்துப் பியூரிடான் அதனை விரித்தார். எங்கள் வகுப்பின் மேலம்பு இவர்களுடையதே. கலிலியோ சாய்தளங்களிற் குண்டுகளை உருட்டிப் பார்த்த பின்னரே, தடையில்லாத சமதளத்தில் இயங்கும் பொருள் தானே இயங்கிக்கொண்டிருக்கும் என்னும் கருத்துத் தெளிவுபட்டது. மாடு நின்றால் வண்டியும் நிற்கின்றதே எனின், அதனை நிறுத்துவது உராய்வு. அதுவும் ஒரு விசை.

மறுநாட் பாடவேளையில் ஐந்து நிமிடம் இரந்து பெற்று அவ்வகுப்பிற்கு மீண்டும் சென்றோம். பிழை எம்முடையதென்று கூறி, வெண்கட்டியை அம்மாணவன் கையிற் கொடுத்தோம். அவன் பந்தை வரைந்து, கீழ்நோக்கி ஒரே அம்பை இட்டுவிட்டு, "இன்னும் ஏதும் போடவேண்டுமோ, சேர்?" என்று கேட்டான். வேண்டாமென்றோம்.