பல்லுக்கு ஜிர்கோனியா கேப் போடும் முன்...



நமது டிரஸ்டின் மருத்துவ உதவிக்கு விண்ணப்பிப்போரில் பல்லுக்கு கேப் போட வேண்டியவர்களும் இருக்கிறார்கள். "ஜிர்கோனியா என்றால் உடையவே உடையாது" என்று கேள்விப்பட்டு, தோட்டக் கூலியிலும் சிறு கடை வருமானத்திலும் மிச்சம் பிடித்த தொகையை அதற்குக் கொடுக்கிறார்கள். பிறகு ஓரம் சில்லாகப் பெயர்ந்தால், ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி மறுபடி சேலம் போக வேண்டும். அன்றைய கூலியும் போய்விடும். எனவே விஷயத்தை முன்பே அறிந்துகொள்வது நல்லது.

ஜிர்கோனியா, சிர்கான் என்னும் கனிமத்திலிருந்து கிடைப்பது. நம் மாநிலத்தில் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் இக்கனிமம் உண்டு. ஜிர்கோனியா மிக வலுவானது. ஆனால் அதன் வலுவான வகைகளில் ஒளி அதிகம் ஊடுருவாது, சுண்ணாம்பு போல் வெளுத்துத் தெரியும். இயற்கைப் பல்லின் தோற்றம் வர, அதன்மேல் பீங்கான் பூச்சுக் கொடுத்து, சுமார் 750 முதல் 950 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுடுவார்கள். அந்தப் பூச்சின் வலிமையோ உள்ளே இருக்கும் ஜிர்கோனியாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான்.

உலோகத்தின்மேல் பீங்கான் பூசும் பழைய வகை கேப்பில், உலோகப் பரப்பில் உண்டாகும் ஆக்சைடு படலம் பீங்கானோடு ரசாயன முறையில் பிணைகிறது. ஜிர்கோனியாவில் அப்படிப் படலம் உண்டாவதில்லை. பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களில் பீங்கான் பற்றிக்கொள்வதும், ஆறும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் சுருங்குவதுமே முக்கியப் பிடிமானம்.

பெரும்பாலும் இந்த ஒட்டு முழுவதுமாக விட்டுப்போவதில்லை. பீங்கானே தனக்குள் விரிசல் கண்டு பெயர்கிறது. ஜிர்கோனியா வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். உலையிலிருந்து எடுத்து வேகமாக ஆறவிட்டால், பீங்கானின் வெளிப்புறம் இறுகிய பின்னும் உட்புறம் சூடாகவே இருக்கும். அதனால் எழும் இழுவிசை உள்ளேயே தங்கி, பின்னாளில் மெல்லும்போது விரிசலாகிறது. கடைசியாகச் சுட்டபின் மெதுவாக ஆறவிடுவதும், பூச்சு எங்கும் சீரான கனத்தில் அமைய உள்கூட்டை வடிவமைப்பதும் இதைக் குறைக்கும். இவை லேபில் நடக்கும் வேலை. நம் கண்ணுக்குத் தெரியாது.

நாம் செய்யக்கூடியது, பணம் கட்டும் முன் கேட்பதுதான். "இது முழுவதும் ஜிர்கோனியாவா, மேலே பீங்கான் பூசியதா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். முழு ஜிர்கோனியாவில் பெயர்வதற்குப் பூச்சே இல்லை. அழுத்தி மெல்லும் கடைவாய்ப் பல்லுக்கு அது பொருத்தம். தோற்றம் முக்கியமான முன்பல்லுக்குப் பூச்சு வகை உதவும். உறக்கத்தில் பல் கடிக்கும் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வாரண்டி அட்டை கொடுத்தால், பீங்கான் பெயர்ந்தாலும் அது செல்லுமா என்று கேட்டுப் பாருங்கள். சிறு சில்லு பெயர்ந்தால் பதற வேண்டாம். பல சமயம் மெருகேற்றியோ அடைத்தோ சரிசெய்யலாம், கேப்பையே மாற்ற வேண்டியதில்லை.

டிரஸ்டுக்கு விண்ணப்பிப்போர், மருத்துவமனை தரும் செலவு மதிப்பீட்டில் கேப்பின் வகையையும் எழுதி வாங்கி வரவும்.