தெருவில் எரியும் எரு

வீட்டுத் தோட்டத்துக்கு எரு தயாரிக்க வேண்டுமென்ற ஆசையினால் காய்கறித் தோலையும் மிஞ்சிய சோற்றையும் ஒரு தொட்டியில் கொட்டி மூடிவைத்து, பத்தாம் நாள் மூடியைத் திறந்தபோது கிளம்பிய துர்நாற்றத்தோடு அந்த ஆசையையும் கைவிட்டவர்கள் நம் நகரங்களில் அநேகர். அதே வீடுகளின் வாசலில், விடியற்காலையில் பெருக்கிக் குவித்த வேப்பஞ்சருகும் வாதுமை இலையும் தினந்தோறும் தீயில் புகைகின்றன. தொட்டியில் எது குறைந்ததோ அதுவே தெருவில் எரிகிறது.

குப்பையை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள், தழைச்சத்து ஒரு பங்கு இருந்தால் கரிச்சத்து ஏறக்குறைய 30 பங்கு இருக்கவேண்டுமென்று எதிர்பார்ப்பவை. சமையலறைக் கழிவில் முன்னது அதிகம். சருகிலும் வைக்கோலிலும் பின்னது அதிகம். ஆகையால் ஒரு கூடைக் கழிவுக்கு இரண்டு கூடைச் சருகு என்ற கணக்கு பெரும்பாலும் பொய்ப்பதில்லை. சருகு குறைந்தால் ஈரம் மிகுந்து, காற்றுப் புகும் இடைவெளிகள் அடைபட்டு, பிராணவாயு இல்லாமலே வாழக்கூடிய வேறு கிருமிகள் தலையெடுக்கின்றன. நாற்றம் அவற்றின் கைங்கரியம்.

1924 முதல் இந்தூரில் பயிர்த்தொழில் ஆராய்ச்சி நிலையமொன்றை நடத்திவந்த ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேயர், சீனக் குடியானவர்களின் வழக்கத்தையும் இந்நாட்டு அனுபவத்தையும் ஒருங்கே ஆராய்ந்து, செடிகொடிக் கழிவு, சாணம், கோமியம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் பரப்பிக் கிரமமாகப் புரட்டிவந்தால் சுமார் 3 மாதங்களில் நல்ல எரு கிடைக்குமென்று நிரூபித்து, யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து 1931-இல் நூலாகவும் வெளியிட்டார். நம் கொல்லைகளில் குப்பைக்குழி ஆதிமுதல் உண்டு. புரட்டுகிற சிரமத்தைத்தான் நாம் மேற்கொள்ளவில்லை.

வீட்டுக்கு, பக்கங்களிலும் அடியிலும் துளையிட்ட பழைய டிரம் ஒன்று போதும். அடியில் தேங்காய் மட்டையைப் பரப்பி, கழிவும் சருகும் மாறிமாறி இட்டு, கொஞ்சம் சாணக்கரைசலோ பழைய எருவோ தெளித்து, வாரம் ஒருமுறை கிளறிவிடவேண்டும். ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசியலாம், ஒழுகக்கூடாது. ஒழுகினால் சருகும், எறும்பு மொய்த்தால் தண்ணீரும் சேர்க்கவேண்டியதுதான். மீன், இறைச்சி, எண்ணெய்ப் பலகாரங்களைத் தவிர்ப்பது நலம். எலிக்கு அழைப்பிதழ் அனுப்புவானேன்?

நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டருள்ள குவியல் உள்ளுக்குள் 60 டிகிரி செல்ஷியஸ் வரை சூடேறிக் களைவிதைகளைக் கொன்றுவிடும். சிறு டிரம்மில் அந்த உஷ்ணம் தங்குவதில்லை; அதனால்தான் அந்த எருவை இட்ட தொட்டிகளில், யாரும் விதைக்காத தக்காளிச் செடிகள் தாமாகவே முளைத்து நிற்கின்றன. அவற்றைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் காய்க்கவும் செய்யும். ஆனால் சோற்றுப்பருக்கையும் இலை நரம்பும் அடையாளம் தெரிகிற அரைகுறை எருவைச் செடிக்கு இடலாகாது. மீதி மட்குவதற்கு வேண்டிய தழைச்சத்தை அது மண்ணிலிருந்தே பறித்துக்கொண்டு, செடியைச் சில வாரங்களுக்கு வெளிறச் செய்துவிடும். நிறம் கறுத்து, மழை பெய்த மண்ணின் வாசனை வந்தபின் சல்லடையில் சலித்து, நின்ற கப்பியை அடுத்த டிரம்முக்கு அடியுரமாகப் போட்டுக்கொள்ளலாம்.