ஏற்றத்தில் எழும்பும் முன்சக்கரம்

மலைச் சைக்கிளின் முன்சக்கரத்தை இருபுறமும் பற்றியிருக்கும் கவையை ஃபோர்க் என்றும், அதன் கால்களுக்குள் காற்றோ சுருள்வில்லோ வைத்து மேடுபள்ள அதிர்ச்சியை விழுங்கச் செய்தால் அதைச் சஸ்பென்ஷன் ஃபோர்க் என்றும் அழைப்பர். 1990-இல் அமெரிக்காவின் டுராங்கோ நகரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் இறக்கப் பந்தயத்தை வென்ற கிரெக் ஹெர்போல்டின் ராக்‌ஷாக்ஸ் நிறுவன ஃபோர்க் சுமார் 50 மி.மீ. மட்டுமே அமுங்கியது, இன்றோ 150, 160 மி.மீ. அமுங்குபவை சாதாரணம். டிராவல் எனப்படும் இந்த அமுங்கு தூரம் கூடக் கூட ஃபோர்க்கின் உயரமும் கூடுவதால், இறக்கத்தில் வரமாக இருப்பது செங்குத்தான ஏற்றத்தில் இடைஞ்சலாகிறது.

இரு சக்கர அச்சுகளுக்கிடையே 1,200 மி.மீ. இருப்பதாகவும், ஓட்டுபவரையும் சைக்கிளையும் சேர்த்த எடைமையம் 1,100 மி.மீ. உயரத்தில், பின் அச்சுக்கு 500 மி.மீ. முன்னால் அமைவதாகவும் கொண்டால், சமதளத்தில் மொத்த எடையின் 42 விழுக்காட்டை முன்சக்கரம் சுமக்கும். 100 மீட்டருக்கு 20 மீட்டர் உயரும் சரிவில், எடைமையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு 220 மி.மீ. பின்னுக்கு நகர்வதால், அந்தப் பங்கு 23 விழுக்காடாகச் சுருங்குகிறது. சமதளத்தில் 30 மி.மீ. அமிழ்ந்திருந்த ஃபோர்க், சுமை ஏறத்தாழப் பாதியானதும் 15 மி.மீ. அளவுக்கு மேலெழும்புகிறது, முன்புறம் 20 மி.மீ. உயர்ந்தாலே சைக்கிள் முழுவதும் ஏறக்குறைய 1 பாகை பின்சாயும் என்பதால், இருக்கை பின்னுக்குப் போய், எடை மேலும் பின்சக்கரத்தையே நாடுகிறது. முன்சக்கரம் தள்ளாடி வழிதவறுவதற்கு ஓட்டுபவரின் திறமைக்குறைவு எப்போதும் காரணமன்று.

பலரும் நம்புவதற்கு மாறாக, ஃபோர்க்கை அமுங்காமல் பூட்டும் லாக்அவுட் இதற்கு மருந்தாகாது. எழுந்து நின்று மிதிக்கும்போது ஃபோர்க் குதிப்பதை அது தடுக்குமே தவிர, முன்புறத்தைத் தாழ்த்தாது, கற்கள் நிறைந்த பாதையில் சக்கரத்தைத் துள்ளவும் வைக்கும். எடையைப் பற்றிய கவலையும் சற்று மிகைதான். சுமார் 1.4 கிலோ பந்தய ஃபோர்க்குக்கும் 2 கிலோ நீள டிராவல் ஃபோர்க்குக்கும் உள்ள வேறுபாடு, 80 கிலோ மொத்த எடையில் ஒரு விழுக்காடு கூட இல்லை. ஒரு மணி நேர ஏற்றத்தில் அது அரை நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

உயரச் சிக்கலை நேரடியாகத் தீர்க்க முயன்றவை, ஏறும்போது 160 மி.மீ.யை 130 மி.மீ.யாகக் குறைத்துக்கொள்ளும் ஃபோர்க்குகளே. உள்ளமைப்பு சிக்கலாகி, அமுங்கும் மென்மையும் குறைந்ததால் அவை செல்வாக்கிழந்தன. அவற்றின் வேலையைச் சட்டகமே எடுத்துக்கொண்டது. முன்பு 73 பாகையாக இருந்த இருக்கைக் குழாயின் கோணம் இப்போது 76 முதல் 78 பாகை வரை நிமிர்ந்து, ஓட்டுபவரை முன்னே தள்ளி அமர்த்துகிறது. ஆகவே நிமிர்ந்த இருக்கையுள்ள புதிய சட்டகத்துக்கு 140 மி.மீ. ஃபோர்க்கும் பொருந்தும்; பழைய சட்டகத்துக்கோ, அதன் தயாரிப்பாளர் குறித்த அளவைத் தாண்டாமல், 100 முதல் 120 மி.மீ.யே உகந்தது. அதற்கும் முன்னால், ஹேண்டில்பார் தாழும்படி, அதற்கு அடியிலுள்ள இடைவளையங்களில் ஒன்றைக் கழற்றி மேலே மாற்றிப் பார்ப்பதற்குச் செலவே இல்லை.