சுண்டுவிரலைக் கேட்டால் சொல்லும்

நடுச்சாமத்தில் கை மதமதத்து விழிப்பு வருகிறது. விரல்களில் எறும்பு ஊறுகிற மாதிரி குறுகுறுப்பு. எழுந்து உட்கார்ந்து நாலு உதறு உதறினால் கொஞ்சம் தெளிகிறது. மூணாறில் கொழுந்து எடுப்பவர், உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவர், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தென்னம்பாளையைத் தட்டித் தட்டிக் கள் இறக்குபவர் என்று மணிக்கட்டை நம்பிப் பிழைக்கிற யாருக்கும் இது வரலாம். வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுகிறோம். விவரம் தெரிந்த மருத்துவர் காதில் அந்த உதறல் விழுந்தால் போதும், பாதி நோயைக் கண்டுபிடித்துவிடுவார்.

மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகிய சந்து இருக்கிறது. மூன்று பக்கமும் குட்டி எலும்புகள், மேலே கெட்டியான ஒரு நார்ப்பட்டை. விரல்களை மடக்குகிற ஒன்பது தசைநாண்கள் அந்தச் சந்து வழியாகத்தான் போகின்றன. அவற்றோடு ஒட்டி உரசிக்கொண்டு மீடியன் என்ற நரம்பும் போகிறது. 1981-இல் கெல்பர்மன் குழுவினர் இதற்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளந்தார்கள். நல்ல கையில் பாதரச அளவில் சுமார் 2.5 மில்லிமீட்டர். நோய்ப்பட்ட கையில் 32. அந்த மணிக்கட்டையே மடக்கினால் 90-க்கும் மேல். 20, 30 வந்தாலே நரம்பைச் சுற்றியுள்ள நுண்ணிய சிரைகளில் ரத்தம் தேங்க ஆரம்பித்துவிடும். தூக்கத்தில் நாம் மணிக்கட்டைச் சுருட்டிக்கொண்டு படுக்கிறோம். நரம்புக்கு மூச்சு முட்டுவது அப்போதுதான்.

மூணாறில் விரல் நுனியால் கிள்ளிய காலம் போய், பெட்டி வைத்த கத்தரி வந்துவிட்டது. நாள் முழுக்க மடக்கி விரி, மடக்கி விரி. 2015-இல் தோட்டப் பெண்கள் நடத்திய பொம்பிளை ஒருமைப் போராட்டத்துக்குப் பிறகு நாள்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. ஒரு நாளைக்கு எடுத்தாக வேண்டிய கொழுந்தும் 21 கிலோவிலிருந்து 25 ஆனது. கூடின நாலு கிலோவை மணிக்கட்டுதான் சுமக்கிறது.

நரம்பு மாட்டிக்கொண்ட இடம் மணிக்கட்டுதானா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் சுண்டுவிரல் சாட்சி சொல்ல வருகிறது. மீடியன் நரம்பு பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றோடு நின்றுவிடும். சுண்டுவிரல் மரத்தால் அது அல்நார் என்ற வேறு நரம்பு. அது அகப்படுவது பெரும்பாலும் முழங்கையில், இடித்துக்கொண்டால் 'சுரீர்' என்று மின்சாரம் பாய்கிற அந்த இடத்தில். இதைவிட நுணுக்கமான சாட்சி ஒன்று உண்டு. பெருவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் மேடாக இருக்கிற சதையைத் தொட்டுப் பாருங்கள். அந்தத் தோலுக்குப் போகும் கிளை சந்துக்குள் நுழையாமல் நார்ப்பட்டைக்கு மேலாகப் போய்விடுகிறது. அதனால் மணிக்கட்டில் நெருக்கடி இருந்தாலும் அங்கே உணர்ச்சி குறையாது. அதுவும் மரத்திருந்தால் தடை இன்னும் மேலே, முன்கையிலோ கழுத்திலோ இருக்கலாம்.

கழுத்தில் எலும்பு ஏழு, அங்கிருந்து கிளம்பும் நரம்புகள் எட்டு ஜோடி. கைக்கானவை பக்கவாட்டுத் தசைகளின் இடுக்கில் நுழைந்து, முதல் விலா எலும்புக்கு மேலேறி, காறை எலும்புக்கு அடியில் போய், மார்புத் தசைக்குக் கீழாக அக்குளுக்கு வருகின்றன. ஒரே நரம்பு இரண்டு இடத்திலும் நசுங்கலாம். மேலே நசுங்கியது கீழே சின்ன அழுத்தத்தைக்கூடத் தாங்காது என்று அப்டன், மெக்கோமஸ் இருவரும் 1973-இல் வாதிட்டார்கள். அந்த வாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

கையாலேயே வைத்தியம் பார்க்கிற ஆஸ்டியோபதி வைத்தியர் பிடித்துக்கொள்வது இந்த முழு வழியைத்தான். 1874-இல் இந்த வைத்தியத்தைத் தொடங்கிய அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், மூளைக்காய்ச்சலுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்து, அன்றைய மருந்துகளில் நம்பிக்கை இழந்தவர். 'மின்னல்வேக எலும்பு வைத்தியர்' என்று தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டார். நம் ஊரில் பிறந்திருந்தால் சுளுக்கு எடுப்பவர் என்று பெயர் வாங்கியிருப்பார். வலிக்கிற இடத்தில் ஆரம்பிக்காமல் கழுத்தில் ஆரம்பிப்பது இவர்கள் வழக்கம். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்து, "என் கைக்கு எதிராக லேசாகத் தள்ளுங்க" என்பார். சில நொடி தள்ளல், பிறகு தளர்வு. தளர்ந்த கணத்தில் தசை ஒரு விரற்கடை கூடுதலாக நீள இடம் கொடுக்கும். அடுத்து முதல் விலா, மார்புத் தசை, முன்கை. மணிக்கட்டுக்கு வந்ததும் பெருவிரலைப் பின்னால் இழுத்து, உள்ளங்கையைப் புத்தகம் போல விரித்து, மூடியாக இருக்கும் நார்ப்பட்டையை நீட்டப் பார்ப்பார். கடைசியாக முழங்கையையும் மணிக்கட்டையும் மாறி மாறி நீட்டி மடக்கி, நரம்பை அதன் உறைக்குள் முன்னும் பின்னும் வழுக்கவிடுவார்.

பலன் உண்டா? பெஞ்சமின் சூச்சர் என்ற ஆஸ்டியோபதி மருத்துவர் 1993 முதல் இதை ஆராய்ந்தார். இறந்தவர்களின் கைகளில் அந்த நார்ப்பட்டை சிறிதளவு நீள்வதை அளந்தும் காட்டினார். ஆஸ்டியோபதி அல்ல, அதற்கு நெருங்கிய பிசியோதெரபி முறையை வைத்து ஸ்பெயினில் 120 பெண்களிடம் ஒரு சோதனை நடந்தது, 2015-இல் வெளியானது. கழுத்திலிருந்து கைவரை கையால் சிகிச்சை பெற்றவர்கள் முதல் மூன்று மாதம் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களைவிடத் தேறியிருந்தார்கள். ஓராண்டில் இரு தரப்பும் சமம். நல்ல செய்திதான். அதற்காக ஆஸ்டியோபதியின் எல்லாக் கூற்றுக்கும் இதைச் சான்றாக்க முடியாது. பெருவிரல் மேடு வற்றி, பட்டன் போட முடியாமல், டம்ளர் நழுவுகிறவருக்கு நரம்பு மருத்துவரும் அறுவைசிகிச்சையும்தான் தேவை. சலூனில் தலையைப் படக்கென்று திருப்பி நெட்டி முறிக்கிறார்களே, அது மேலே சொன்ன முறையில் சேர்த்தி இல்லை. அப்படித் திருப்பியதில் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

நம் பக்கத்தில் இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். முழங்கைக்குப் பின்னால் அல்நார் நரம்பு கயிறு போலத் தடித்துத் தட்டுப்பட்டால், தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருந்தால், அது தொழுநோயாக இருக்கலாம். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த அறுவைசிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நிமிர்த்திக் கொடுத்த மடங்கிய விரல்களெல்லாம் இந்த நோய் தின்ற நரம்புகளால் மடங்கியவை. அதற்குப் பிடித்துவிடல் பயன்படாது. கூட்டு மருந்து வேண்டும், அரசு மருத்துவமனையில் இலவசம். சர்க்கரையும் தைராய்டும் இதே மதமதப்பைத் தரும், ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

கழுத்தடியில் நரம்பு நெருக்குண்டதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. இரு கைகளையும் உயர்த்தி, முழங்கையை மடக்கி வைத்து, மூன்று நிமிடம் விரல்களை மூடித் திறக்கச் சொல்வார்கள். நெருக்கம் இருப்பவர் பாதியிலேயே கையைப் போட்டுவிடுவார். தேனிப் பக்கமிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் விடியற்காலையில் ஜீப்பின் மேல்கம்பியைப் பிடித்தபடி போடிமெட்டு வளைவுகளில் ஏறுகிறார்கள். கிட்டத்தட்ட அதே நிலையில் கைகள் இருக்கும். வேலை இன்னும் தொடங்கியிருக்காது.