வெள்ளை மாளிகையில் வாசிகசாலை அமைத்த ஆசிரியை

1850ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஜனாதிபதி செக்கரி ரெயிலர் பதவியிலிருக்கும்போதே காலமானார். உப ஜனாதிபதியாயிருந்த மிலாட் பில்மோர் அப்பதவியை ஏற்றார். அவருடைய மனைவி அபிகேல் வெள்ளை மாளிகையினுள் குடிபுகுந்தபோது அங்கே விருந்து மண்டபங்களுக்குக் குறைவிருக்கவில்லை. நூல் நிலையம் என்று சொல்லத்தக்கதொன்று மட்டும் இருக்கவில்லை. ஜனாதிபதிகள் தத்தம் நூல்களைக் கொண்டுவருவர். பதவி முடிந்ததும் அவற்றைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவர். ஒரு நாட்டின் தலைமகன் வாழும் இல்லம் இப்படியிருப்பதை இவ்வம்மையாரால் பொறுக்க முடியவில்லை. அதற்குக் காரணம் அவர் பிறந்து வளர்ந்த வகையிலே தங்கியிருக்கிறது.

அபிகேல் பவர்ஸ் 1798ஆம் ஆண்டு பங்குனி 13ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்திலே பிறந்தார். தந்தையார் பாப்திஸ்து சபைப் போதகர். மகள் சிறு குழந்தையாயிருக்கும்போதே அவர் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற செல்வம் பெரிதன்று. ஆனால் ஓர் அலுமாரி நிறைய நூல்கள் இருந்தன. கைம்பெண்ணாகிய தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாழ்க்கைச் செலவு குறைந்த மேற்குப் புறத்துக் கிராமமொன்றிற் குடியேறி, அந்த நூல்களைக்கொண்டே அவர்களுக்குக் கல்வி புகட்டினார். பதினாறு வயதளவில் அபிகேல் தாமே ஆசிரியையாகிவிட்டார். பிறருக்குக் கற்பித்துக்கொண்டே தாமும் கற்பது அன்றுதொட்டு அவருடைய வழக்கமாயிற்று.

1819ஆம் ஆண்டளவில், நியூ ஹோப் என்னும் ஊரிலிருந்த கலாசாலைக்கு உயர்ந்த உருவமுடைய இளைஞரொருவர் மாணவராக வந்தார். அவரே மிலாட் பில்மோர். மரக்குடிசையிற் பிறந்தவர், ஆசிரியையிலும் இரண்டு வயது இளையவர். கம்பளித் துணி பதனிடும் ஆலையில் வேலை பழகிய அவர், இயந்திரத்தைக் கவனிக்கும் இடைநேரங்களிற் பார்ப்பதற்கென்று அகராதியொன்றை விலைக்கு வாங்கி அருகே வைத்திருந்தார். பின்னர் முப்பது டொலர் கொடுத்து அந்தத் தொழிற் கட்டுப்பாட்டிலிருந்து தம்மை மீட்டுக்கொண்டார். அகராதியைத் துணையாகக் கொண்ட மாணவனையும், அலுமாரியைச் சீதனமாகக் கொண்ட ஆசிரியையையும் கல்வி ஒன்றுசேர்த்தது என்று சொல்வது மிகையன்று.

ஆனால் காதல் கனிந்தவுடனே கலியாணம் கைகூடிவிடவில்லை. பில்மோர் குடும்பம் மேற்கே தொலைதூரம் பெயர்ந்துபோயிற்று. பிரயாணத்துக்கு வேண்டிய பணம் இல்லாமையால் மூன்று ஆண்டுகளாக இருவரும் ஒருவரையொருவர் காணாது கடிதங்களாலேயே உறவாடினர். அவர் சட்டம் பயின்று நியாயதுரந்தரராகித் தொழிலிற் காலூன்றிய பின்னரே, 1826ஆம் ஆண்டு மாசி மாதத்தில் விவாகம் நடைபெற்றது. மணமான பெண் ஊதியத்துக்கு வேலை செய்வதை வழக்கமாகக் கொள்ளாத அக்காலத்தில், 1828இல் மகன் பிறக்கும்வரை அபிகேல் தொடர்ந்து படிப்பித்துவந்தார். மணமான பின்னரும் தொழில் பார்த்த ஜனாதிபதி மனைவியருள் முதல்வர் அவரே. கணவர் வெளியூர் சென்று திரும்பும்போது ஆபரணமன்று, நூல்களே கொண்டுவருவார். பபலோ நகரில் அவர்கள் வாழ்ந்த வீட்டு நூல் நிலையம் காலப்போக்கில் நாலாயிரம் நூல்களாகப் பெருகியது.

இத்தகையவர் வெள்ளை மாளிகைக்கு வந்தபின் வாளாவிருப்பாரா? காங்கிரசுச் சபை நூல்கள் வாங்குவதற்கென 2,000 டொலர் ஒதுக்கியது. மேல்மாடியிலுள்ள நீள்வட்ட அறையை அபிகேல் வாசிகசாலையாக்கினார். சரித்திரம், பூமிசாத்திரம், இலக்கியம் என்று நூல்களைத் தாமே தெரிந்தெடுத்தார். மகள் மேரி அபிகேலின் பியானோவும் அவ்வறைக்கே வந்து சேர்ந்தது. கணுக்காலில் 1842ஆம் ஆண்டு ஏற்பட்ட காயம் முற்றாகக் குணமாகாமையால், வரவேற்பு வைபவங்களிற் பல மணி நேரம் நிற்பது அவருக்குப் பெரும் வேதனை. மகளே பல வேளைகளிற் தாயாருடைய இடத்தில் நின்று விருந்தினரை உபசரித்தாள். வைபவங்களைவிட வாசிகசாலையே அவருக்கு உவப்பாயிருந்தது.

அதே மாளிகையிலிருந்துதான், 1850ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து எசமானரிடம் ஒப்படைக்கும் கொடிய சட்டத்திற் பில்மோர் ஒப்பமிட்டார். வட மாநிலங்களில் அவருக்கிருந்த நற்பெயர் அதனாற் பெரிதும் குன்றியது; மறுமுறை கட்சி அவரை வேட்பாளராக்கவில்லை. ஒப்பமிட வேண்டாமென்று மனைவி எச்சரித்தார் என ஒரு பேச்சு வழங்கிவருகிறது. அதை நிறுவத்தக்க கடிதமெதுவும் கிடைக்கவில்லை. நல்லவரென்று நாம் மதிப்பவர் நல்லதையே சொல்லியிருப்பார் என நம்புவது எளிது. ஆயின் அது சரித்திரமாகாது.

1853ஆம் ஆண்டு பங்குனி 4ஆம் திகதி புதிய ஜனாதிபதி பிராங்கிளின் பியர்ஸ் பதவியேற்றார். பனியும் குளிர்காற்றும் வீசிய திறந்தவெளியில் அபிகேல் அவ்வைபவம் முடியும்வரை இருந்தார். சளிசுரம் கண்டது. ஊர் திரும்ப ஆயத்தமாயிருந்தவர், அம்மாதம் 30ஆம் திகதி வொஷிங்டன் நகரத்து விலாட் ஹோட்டலிலே காலமானார். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. தாயைப் போலவே சிறிது காலம் ஆசிரியையாயிருந்த மகளும் அடுத்த ஆண்டில் வாந்திபேதியினால் இறந்தாள்.

குடும்பக் கடிதங்கள் யாவற்றையும் அழித்துவிடும்படி, 1889இல் இறந்த மகன் தன் மரண சாசனத்தில் எழுதிவைத்தான். காணாமலிருந்த அந்த மூன்றாண்டுகளில் ஆசிரியையும் மாணவனும் எழுதிக்கொண்டவற்றை இன்று யாரும் விரிவாகப் படிக்க முடியாமைக்கு அதுவே காரணம். அபிகேல் தொடக்கிய வெள்ளை மாளிகை நூல் நிலையம் வேறோர் அறைக்கு மாறி, இன்றும் அங்கே இருந்துவருகிறது.